சோம்பல் யாருடைய குற்றம்?

அன்புள்ள ஐயா,

மனித உடல் நடப்பதற்காகவே உருவானது என்று போன பதிவில் எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் வேலை முடிந்து வந்ததும் சோபாவை விட்டு எழவே எனக்கு ஏன் மனம் வருவதில்லை? என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எனக்கோ 10,000 காலடிக்குள் மூச்சு வாங்குகிறது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்கிறார் டாக்டர். இது வெறும் சோம்பேறித்தனமா?

குமரன், ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள குமரன்,

சோம்பேறித்தனம்தான். ஆனால் நம் எல்லோருக்கும் பிறப்பிலேயே வந்தது. கூலி இல்லையென்றால் உங்கள் தாத்தாவும் ஒரு மூட்டையைத் தொட்டிருக்க மாட்டார். அடுத்த வேளைச் சோறு நிச்சயமில்லாத காலத்தில் காரணமில்லாமல் ஓடித் திரிவது ஆபத்து. வேலை இல்லாதபோது உட்கார்ந்துவிடு என்றுதான் உடல் பழகியிருக்கிறது.

தான்சானியாவின் ஹட்சா மக்களில் பலர் இன்றும் வேட்டையாடி, கிழங்கு தோண்டி, தேன் எடுத்து வாழ்கிறார்கள். அவர்களின் தொடையில் கருவி பொருத்தி அளந்து 2020-ல் வெளியிட்டார்கள். விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய 10 மணி நேரம் ஓய்வுதான்! நம் அலுவலகக்காரர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. மற்ற நேரத்தில் நன்றாக நடக்கிறார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும், அவர்கள் ஓய்வெடுக்கும் விதமே வேறு. குந்துகிறார்கள், மண்டியிடுகிறார்கள். குந்தினால் கால் தசைகள் லேசாக வேலை செய்துகொண்டே இருக்கும். சோபாவில் அவை அப்படியே தூங்கிவிடும்.

உங்களுக்கு இதில்தான் விஷயம் இருக்கிறது. சுருங்கி விரியும் தசை, இன்சுலின் துணை இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நம்மவர்களுக்கு இது இன்னும் அவசியம். அதே எடையிலும் தெற்காசியர்களின் வயிற்றுக்குள் கொழுப்பு கூடுதலாகச் சேர்கிறது. உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் உடல் நிறைக் குறியீட்டில் உலகப் பொது வரம்பு 25 என்றால், சிங்கப்பூரில் 23-லிருந்தே கவனிக்கச் சொல்கிறார்கள்.

அந்த 10,000-ஐ விட்டுத் தள்ளுங்கள். 1960-களில் ஜப்பானில் காலடி எண்ணும் கருவியை விற்கப் பிடித்த எண் அது. இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு, சோபாவில் சாய்வதற்கு முன், புளோக்கைச் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அது மட்டுப்படுத்தும். காப்பிக்கடையில் பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீரான தே ஓ கொசோங் கேட்கவும் பழகிக்கொள்ளுங்கள். முதல் வாரம் கஷாயம் மாதிரிதான் இருக்கும்.

அப்புறம், மூச்சு வாங்குவதை டாக்டரிடம் சொன்னீர்களா? அதைப் பரிணாமத்தின் தலையில் கட்ட முடியாது. அடுத்த ரத்தப் பரிசோதனை வரை காத்திருக்காமல் போய்ச் சொல்லுங்கள்.