பள்ளி பேண்ட் குழுவோடு பிள்ளையை நார்மண்டிக்கு அனுப்பலாமா? அந்தச் செலவுக்குப் பலன் உண்டா?

உங்கள் மகன் அமெரிக்கப் பள்ளியில் டிரம்பெட் வாசிக்கிறான், ஜூன் மாத டி-டே (இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய நாள்) நினைவு விழாவுக்கு அவன் பேண்ட் பிரான்ஸ் போகிறது, பல ஆயிரம் டாலர் கட்டி அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகள் கிளாரினெட் வாசிப்பவள். அவள் பள்ளி பேண்ட் போனபோது துணைக்குப் போன பெற்றோரில் நானும் ஒருத்தி. முடிந்தால் கட்டாயம் அனுப்புங்கள்.

இங்கே மார்ச்சிங் பேண்ட், அதாவது அணிவகுத்து நடந்துகொண்டே வாசிக்கும் பேண்ட் பிள்ளைகள் பெரும்பாலும் போட்டி நடுவர்களுக்காகவே வாசிக்கிறார்கள். வரிசை நேராக இருந்ததா, கால் பிசகியதா, எத்தனை மதிப்பெண் என்பதிலேயே சீசன் போய்விடும். நார்மண்டியில் மதிப்பெண் போட யாரும் இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் அந்தப் போரின் முன்னாள் வீரர்கள்; நூறு வயதை நெருங்கியவர்கள், தாண்டியவர்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகளில் பணியாற்றியவர்கள் சுமார் 1.6 கோடிப் பேர். அவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இந்தப் பயணத்தை இன்னொரு வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாததற்கு அதுவே காரணம்.

சாந்த்-மேர்-எக்லீஸ் என்ற சிற்றூரில் அணிவகுப்பு. 1944 ஜூன் 6 விடியுமுன் பாராசூட் வீரர்கள் குதித்த ஊர். ஒருவருடைய பாராசூட் தேவாலயக் கோபுரத்தில் மாட்டிக்கொண்டது. அதன் நினைவாக இன்றும் அங்கே ஒரு பொம்மை தொங்குகிறது. தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று ஒவ்வொரு படைப்பிரிவின் பாட்டையும் எங்கள் பிள்ளைகள் அடுத்தடுத்து வாசித்தார்கள். தன் பிரிவின் பாட்டு வரும்போது எழுந்து நிற்பது அமெரிக்க வழக்கம். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர் தன் பாட்டு தொடங்கியதும் இரண்டு கைகளையும் ஊன்றி எழப் பார்த்தார். பேத்தி போலிருந்த பெண் தோளைத் தாங்கினாள். பாட்டு முடியும்வரை நின்றார். முன்வரிசைப் பிள்ளைகள் அழுதுகொண்டே வாசித்தார்கள். என்றாலும் தாளம் விடவில்லை. அத்தனை வருடப் பயிற்சி எதற்கு என்று அவர்களுக்கு அப்போது புரிந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

ஆனால் அணிவகுப்பைவிட ஆழமாகப் பதிந்தது, டி-டே அன்று அமெரிக்கப் படைகள் இறங்கிய ஒமாஹா கடற்கரைக்கு மேலே, கொல்வில்-சுர்-மேரில் இருக்கும் அமெரிக்கக் கல்லறைத் தோட்டம். 9,000-க்கும் மேற்பட்ட வெள்ளைப் பளிங்குக் கற்கள். கல்லில் பெயர், படைப்பிரிவு, மாநிலம், இறந்த தேதி இருக்கும். பிறந்த தேதி இருக்காது. எங்கள் பேண்ட் டைரக்டர் பல மாதங்களுக்கு முன்பே, எங்கள் மாநிலத்திலிருந்து போய் அங்கே அடக்கமான ஒரு வீரரை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுத்துத் தேடச் சொல்லியிருந்தார். என் மகளுக்கு வந்தவர் இறந்தபோது வயது 19. அவளைவிட இரண்டே வயது மூத்தவர். கல்லில் இல்லாத அந்த வயது அவளுக்கு மட்டும் தெரியும். உறவினர் வந்தால் ஒமாஹா கடற்கரை மணலை ஈரமாக எழுத்துகளில் தேய்த்துப் பெயர் தெரியச் செய்வார்களாம். அதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் அவள் பேசவே இல்லை.

அங்கே அணிவகுப்பு கிடையாது, நின்றுதான் வாசித்தார்கள். கடைசியில் ஒரே ஒரு டிரம்பெட்டில் 'டாப்ஸ்'. அமெரிக்க ராணுவ இறுதிச் சடங்குகளில் வாசிப்பது; 1862-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் உருவான மெட்டு. மொத்தமே 24 சுரங்கள். ஒரு வால்வைக்கூட அழுத்த வேண்டாம், உதடும் மூச்சும் போதும். எளிதாகத் தோன்றும், ஆனால் கேட்பவர் எல்லாருக்கும் அத்துப்படி என்பதால் ஒரு சுரம் உடைந்தாலும் தெரிந்துவிடும். உங்கள் மகன் டிரம்பெட் என்பதால் சொல்கிறேன்: இப்போதே பழகட்டும். அந்த வாய்ப்பு அவனுக்கே வரலாம்.

எல்லாப் பயணமும் இப்படி அமையாது. பேருந்திலிருந்து இறங்கி, வாசித்து, படமெடுத்துக்கொண்டு பாரீஸுக்குத் திரும்பும் பயணங்களும் உண்டு; அதற்கு இவ்வளவு பணம் கொடுக்காதீர்கள். பணம் கட்டுமுன் டைரக்டரிடம் கேளுங்கள்: கல்லறைத் தோட்டத்துக்கு அரை நாளாவது ஒதுக்கியிருக்கிறார்களா? முன்னாள் வீரர்களோடு பிள்ளைகள் உட்கார்ந்து பேச நேரம் உண்டா? போகுமுன் என்ன படிக்கச் சொல்லப்போகிறார்கள்? சூசஃபோன் (தோளில் மாட்டி வாசிக்கும் பெரிய ஊதுகருவி), பெரிய டிரம் போன்றவற்றை விமானத்தில் கொண்டுபோகிறார்களா, அங்கேயே வாடகைக்கு எடுக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். செலவு அதில் நிறைய மாறும். பணம் இடித்தால், பேண்டுக்கு நிதி திரட்டும் பெற்றோர் குழுவான பூஸ்டர் கிளப்பிடம் தயங்காமல் பேசுங்கள். எங்கள் குழுவில் சிலருக்கு நிதி திரட்டியே கட்டினோம். யார் யாருக்கு என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது.