ரோல்பிளேயிங் விளையாட்டில் ஜப்பானியப் பட்டங்களை கிளாஸ் பெயராக வைக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

கிளாஸ் என்பது நீங்கள் ஏற்று விளையாடும் கேரக்டருக்கு என்னென்ன செய்யத் தெரியும் என்று சொல்லும் விதித்தொகுப்பு. ஜப்பானியப் பட்டங்கள் பலவும் திறமையை அல்ல, அந்தஸ்தையோ பதவியையோ சொல்பவை. சிக்கல் அங்கேதான். தாசில்தார் என்றால் பதவி தெரியும். நீச்சல் தெரியுமா என்பது தெரியாதே, அதுபோல.

ரோனின் என்பவர் எஜமான் இல்லாத சாமுராய் (ஜப்பானியப் போர்வீரர்). வாள்வித்தை அதேதான். தனி கிளாஸ் ஆக்கினால், பிரபு செத்த அன்றே கேரக்டர் ஷீட்டை (கேரக்டரின் விவரத் தாளை) திருத்த வேண்டிவரும்! அதைப் பின்னணியாக மட்டும் வையுங்கள். மந்திரவாதி கிளாஸுக்கு ஒன்மியோஜி என்ற பெயர் பொருந்தும். ஜப்பானின் ஹெயான் காலத்தில் (794–1185) அவர் நாள்காட்டியும் சகுனமும் பார்த்த அரசு அலுவலர் என்பதால், தீப்பந்து வீச்சைவிடக் கணிப்பும் தீட்டு விலக்கலும் கொடுங்கள்.

சாமுராய் என்றாலே வாள்தான் என்பது தவறு. தொடக்கக் காலத்தில் அவர்களின் முதன்மை ஆயுதம் குதிரைமேலிருந்து எய்யும் வில்.