கண்புரையும் குளுக்கோமாவும் சேர்ந்திருந்தால் சத்திரசிகிச்சையால் பார்வை முழுமையாக மீளுமா?

களுவாஞ்சிக்குடியிலுள்ள தம் தாயாருக்கு இரு நோய்களும் இருப்பதாகக் கண் வைத்தியர் கூறியதை எழுதி, புரையை அகற்றினால் பார்வை முழுவதும் திரும்புமா என்று கேட்டிருக்கிறீர்கள். புரையால் மறைந்த பங்கு திரும்பும். குளுக்கோமாவால் இழந்த பங்கு திரும்பாது.

கண்புரையில் மங்குவது வில்லை மட்டுமே. ஆகவே அதை அகற்றிச் செயற்கை வில்லையைப் பொருத்தியதும், விழித்திரையும் நரம்பும் நலமாயிருப்பின், பார்வை தெளிகிறது.

குளுக்கோமாவோ பார்வை நரம்பையே அழிப்பது. பெரும்பாலும் ஓரப் பார்வையில் தொடங்குவதால் நோயாளி அதை நெடுங்காலம் உணர்வதில்லை. வழக்கமான கண் அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீற்றர் இரசம் வரை எனினும், அந்த எல்லைக்குள்ளேயே நரம்பு கெடுவோரும் உளர். எனவே அழுத்தத்தை மட்டும் அளந்துவிட்டு ஆறுதல் கொள்வது என் பார்வையில் போதாது, பார்வைப் புலத்தையும், அதாவது ஓரங்கள் உட்பட எவ்வளவு பரப்பு தெரிகிறது என்பதையும், சோதிக்க வேண்டும்.

வில்லை தடித்து, கண்ணுக்குள் ஊறும் நீர்மம் வெளியேறும் கோணத்தை நெருக்கும் குளுக்கோமா வகையில், வில்லையை அகற்றுவதே அழுத்தத்தைக் குறைக்கக்கூடும். 2016இல் வெளியான ஈகிள் என்னும் மருத்துவ ஆய்வு இதற்கு வலுவான சான்று. அந்தக் கோணம் நெருக்கப்படாத திறந்த கோண வகையில் இப்பயன் சிறிதே என்பதால் சொட்டு மருந்து பெரும்பாலும் தொடரும்.

சத்திரசிகிச்சைக்குப் பின் தரப்படும் ஸ்டீரொயிட் சொட்டு சிலருக்கு அழுத்தத்தைக் கூட்டுவதால், மட்டக்களப்புக்கு வந்துபோவது சிரமமாயினும், தாயார் கிளினிக் திகதியைத் தவறவிடக்கூடாது.