பூச்சி மாத்திரைக்கு அடங்காத வயிற்றுவலி

கேள்வி: என் கணவர் செல்லூரில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். பழைய டி.வி., கம்ப்யூட்டரை எல்லாம் வீட்டு மாடியில்தான் உடைப்பார், ஒயரை எரித்துக் காப்பர் எடுப்பார், சாம்பலைக் கொல்லையில் கொட்டுவார். மூன்று வயதுப் பையனுக்கு அடிக்கடி வயிற்றுவலி, மலச்சிக்கல், சாப்பாடு இறங்கவில்லை, மண்ணை அள்ளித் தின்கிறான். இரண்டு தடவை பூச்சி மாத்திரை கொடுத்தும் கேட்கவில்லை. புகைதான் காரணமா? தெம்புக்காக எங்கள் வீட்டுக் கோழி முட்டை தினமும் கொடுக்கிறேன், சரிதானா?
- வாசகி, மதுரை

பதில்: மூன்றாவது தடவை பூச்சி மாத்திரை வேண்டாம் அம்மா. வயிற்றுவலி, மலச்சிக்கல், மண் தின்பது, கூடவே மாடியில் டி.வி. உடைக்கிற வேலை என்று படித்ததுமே எனக்குத் தோன்றியது ஈயம். நேரில் பார்க்காமல் அதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ரத்தசோகைப் பிள்ளைகளும் மண் தின்னும். ஆனால் சோதித்துப் பார்க்காமல் விடக் கூடாது.

ஈயம் என்றதும் ரசம் வைக்கிற ஈயச்சொம்பை நினைத்துவிடாதீர்கள், அது வெள்ளீயம், வேறு. நான் சொல்வது காரீயம். பழைய குண்டு டி.வி.யின் பிக்சர் ட்யூப் கண்ணாடிக்குள் அளவைப் பொறுத்து அரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரைகூட இருக்கும். 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச கலர் டி.வி.களும் அந்த ரகம்தான், அவை இப்போது உங்கள் கணவர் கடை மாதிரி இடங்களுக்குத்தானே வருகின்றன? போர்டில் பற்றவைத்திருக்கும் பழைய சால்டரிலும் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் இதுதான்.

புகை நல்லதில்லைதான். ஒயரின் மேல்தோல் பி.வி.சி., எரித்தால் நெஞ்சை அரிக்கிற அமிலப் புகை வரும், டையாக்சின் என்ற நச்சுப்பொருளும் வரும். ஆனால் பையன் விஷயத்தில் எனக்குப் புகையைவிடத் தூசி மேல்தான் பயம். புகை வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவீர்கள், தூசியோ அப்பாவின் கைலியிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு பாய் வரைக்கும் வந்துவிடும், பிள்ளை கையை வாயில் வைப்பான், வயிற்றுக்குள் போகிற ஈயத்தைப் பெரியவர்களைப் போல நான்கைந்து மடங்கு சிறுபிள்ளை உடம்பு இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் ஒரு மாதம்போல இருந்துவிட்டு எலும்பில் போய் உட்கார்ந்தால் வருஷக்கணக்கில் கிளம்பாது, மூளை வளர்ச்சியையும் பாதிக்கும். சீனாவில் குய்யூ என்று ஓர் ஊர், ஒரு காலத்தில் ஊரே பழைய கம்ப்யூட்டர் உடைக்கிற இந்தத் தொழில்தான், அப்போது அங்கே பிள்ளைகளைச் சோதித்ததில் ரத்த ஈயத்தின் சராசரி டெசிலிட்டருக்கு, அதாவது நூறு மில்லி ரத்தத்துக்கு, 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது.

சரி, இப்போது செய்ய வேண்டியது: பையனுக்கு ரத்தத்தில் ஈயம் பார்க்கும் 'பிளட் லெட்' டெஸ்ட், கூடவே ஹீமோகுளோபினும் இரும்புச்சத்தும். எல்லா லேபிலும் லெட் பார்க்க மாட்டார்கள், பெரிய லேப்கள் ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ என்றால் ஈயம் எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 45-ஐத் தொட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஈயத்தை வெளியேற்றும் மருந்து கொடுக்க வேண்டிவரும். ரத்தத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது பஸ்பம் கொடுத்தால் வாங்காதீர்கள், சில பஸ்பத்தில் ஈயமே இருக்கிறது.

'எங்க அப்பா காலத்துலயிருந்து செய்றோம், கருப்பட்டி தின்னா தூசி இறங்கிரும்' என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்லலாம். கருப்பட்டி தின்னட்டும், தப்பில்லை, ஈயம் அதற்கெல்லாம் இறங்காது. அவரிடம் காசுக் கணக்காகப் பேசிப் பாருங்கள்: எரித்துக் கறுத்த காப்பரைவிடத் தோலுரித்த காப்பருக்கு விலை அதிகம், இது என்னைவிட அவருக்கே நன்றாகத் தெரியும். பிக்சர் ட்யூபை உடைக்காமல் முழுசாக, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதித்த மறுசுழற்சிக்காரர்களிடம் தள்ளிவிடலாம். என்ன ஆனாலும் வேலை மாடியில் நடக்கக் கூடாது, கடையோடு நிற்க வேண்டும். அங்கேயே குளித்து, உடுப்பு மாற்றிக்கொண்டு வரட்டும், அழுக்குத் துணியைப் பையன் துணியோடு ஊறவைக்காதீர்கள். வீட்டை விளக்குமாறால் பெருக்கினால் தூசி பறக்கும், ஈரத்துணியால் துடையுங்கள்.

வெறும் வயிற்றில் ஈயம் அதிகமாக ஏறும், அதனால் காலையிலேயே கேழ்வரகுக் கூழோ இட்லியோ உள்ளே போய்விடட்டும். முருங்கைக்கீரை கொடுங்கள், கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ. நீங்கள் மறுபடி உண்டாகியிருந்தால் உங்களுக்கும் அந்த டெஸ்ட் வேண்டும், ஏனென்றால் தாயின் எலும்பிலிருந்து ஈயம் வயிற்றுப் பிள்ளைக்குப் போகும்.

முட்டை நல்லதுதான், உங்கள் வீட்டுக் கோழி முட்டை மட்டும் இப்போதைக்கு வேண்டாம். அது கொல்லையில் கிளறுவது அந்தச் சாம்பலைத்தான், அதிலிருக்கும் டையாக்சின் முட்டையின் மஞ்சள் கருவில் சேரும். கடையில் வாங்கிக் கொடுங்கள்.