சுவான்சௌவில் ஒரு பகல் நடை: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: மகன் சீனாவில் ஷியாமெனில் வேலை பார்க்கிறான். நவம்பரில் நானும் கணவரும் போகிறோம். பக்கத்திலுள்ள பழைய துறைமுக நகரம் சுவான்சௌவை ஒரே நாளில் நடந்து பார்த்துவிட முடியுமா? அவருக்கு முழங்கால் வலி உண்டு.
– ஒரு வாசகி, திருவானைக்காவல்

பதில்: முடியும் அம்மா, தாராளமாக. நான் ஷியாமெனில் வேலை பார்த்த காலத்தில் ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அழைத்துப் போனது அங்கேதான். அதிவேக ரயிலில் அரை மணி நேரம். டிக்கெட் எடுக்கும்போது குவாங்சௌ என்று போட்டுவிடாதீர்கள். அது வேறு மாகாணத்துப் பெருநகரம். ரயில் நிலையம் பழைய ஊருக்கு வெளியே இருப்பதால், டாக்ஸி பிடித்து மேற்குத் தெருவில் கையுவான் கோயில் வாசலில் இறங்குங்கள். காலை ஒன்பதுக்குள் போய்விட்டால் கூட்டம் குறைவு.

அந்தக் கோயிலுக்கு மட்டும் இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். பலர் இரட்டைக் கோபுரங்களின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு மனசே ஆறாது. 686-இல் தொடங்கிய பௌத்தக் கோயில் அது. கோபுரங்கள் 13-ஆம் நூற்றாண்டில் முழுக்கக் கல்லால் எழுப்பியவை. கிழக்கே உள்ளது 48 மீட்டர் உயரம். 1604-இல் வந்த பெரிய நிலநடுக்கத்திலும் இரண்டும் விழவில்லை.

பெரிய மண்டபத்துக்குள் கழுத்தை நிமிர்த்திப் பாருங்கள்: உத்தரங்களுக்குக் கீழே இசைக்கருவிகள் ஏந்திய சிறகு முளைத்த பெண்கள், மொத்தம் 24 பேர். பிறகு மண்டபத்தின் பின்பக்கம் போங்கள். நடுவே நிற்கும் இரண்டு கல் தூண்களில் நரசிம்மர் இரணியனைக் கிழிக்கிறார். முதலையிடம் சிக்கிய யானைக்கு விஷ்ணு வருகிறார். கோபியரின் சேலைகளோடு கண்ணன் மரத்தில் இருக்கிறான். யுவான் எனும் மங்கோலிய அரசர்களின் ஆட்சியில் இங்கே வாழ்ந்த தென்னிந்திய வணிகர்கள் கட்டிய கோயில் இடிந்துபோக, அடுத்து வந்த மிங் அரசர்கள் காலத்தில் மண்டபத்தைப் புதுப்பித்தவர்கள் அந்தக் கற்களை எடுத்து வைத்துக்கொண்டார்கள். முன்பக்க மேடையின் அடிவரிசையில் மனித முகச் சிங்கங்களும் அப்படி வந்தவைதான். குனிந்து பார்க்க வேண்டும். உங்கள் கணவரை அங்கே உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் சுற்றி வாருங்கள்.

அதே வளாகத்தில் ஒரு பழைய கப்பலும் இருக்கிறது. 1974-இல் ஹௌசூ துறையின் சேற்றிலிருந்து எடுத்த, யுவானுக்கு முந்திய சோங் அரசர்கள் காலக் கப்பல். உள்ளே 13 அறைகள். ஒன்றில் தண்ணீர் புகுந்தாலும் அடுத்ததற்குப் போகாதபடி தடுப்புகள். மிளகு, சாம்பிராணி, வாசனைக் கட்டைகள் எல்லாம் அதில் கிடைத்தன.

அங்கிருந்து மேற்குத் தெரு வழியாக மணிக்கூண்டு வரை நடந்து, சோங்ஷான் சாலையில் தெற்கே திரும்புங்கள். கடைகளின் மேல்மாடி நடைபாதைக்குமேல் நீண்டிருப்பதால் வெயிலோ மழையோ படாது. தூமென் தெருவில் சிங்ஜிங் பள்ளிவாசல், 1009-இல் கட்டியது. தொழுகைக்கூடத்துக்குக் கூரை இல்லை; கல் சுவர்கள் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. நாலு எட்டு வைத்தால், சீனர்கள் தெய்வமாக வணங்கும் பழைய தளபதி குவான் யூவின் கோயில், எப்போதும் ஊதுபத்திப் புகை. இதுவரை நடை இரண்டரை கிலோமீட்டர் இருக்கும்.

நீங்கள் திருவானைக்காவல்காரர் என்பதால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அங்கிருந்து டாக்ஸியில் கடல்சார் அருங்காட்சியகம் போங்கள். மதக் கற்சிற்பக் கூடத்தில், யானை சிவலிங்கத்தை வணங்கும் சிற்பம் இருக்கிறது. உங்கள் ஊர்த் தலபுராணம்! மூன்று மணிக்குள் போய்விடுங்கள். திங்கட்கிழமை விடுமுறை.

கேள்வி: சைவச் சாப்பாடு கிடைக்குமா?
– வாசகர், சேலம்

பதில்: கவனம் வேண்டும். ஊரின் பேர்போன காலைச் சாப்பாடான மியான்ஷியான்ஹூ, மெல்லிய சேமியாக் கஞ்சி மாதிரி இருக்கும். ஆனால் பன்றி, கடலுணவுச் சாறு சேர்ந்தது. சிப்பி முட்டைப் பணியாரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பௌத்தர்களின் சைவக் கடைகள் உண்டு. இறைச்சி, மீன், முட்டை வேண்டாம் என்று சீனத்தில் எழுதிய சீட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் தேன் ஊற்றிய ஷிஹுவாகாவ் சாப்பிடுங்கள். நம்மூர்க் கடல்பாசிதான், குளிரக் குளிரத் தருவார்கள். பணம் கொடுக்க அலிபே என்ற செல்பேசிச் செயலி போதும், ஊரிலிருந்தே கார்டை இணைத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: சுவான்சௌவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு என்ன சொல்கிறது?
– வாசகி, மதுரை

பதில்: சக ஆண்டு 1203, சித்திரை மாதம், அதாவது 1281. சம்பந்தப் பெருமாள் என்ற தவச்சக்கரவர்த்திகள், செகசை கான் நலமாக இருக்க, திருக்கதலீஸ்வரம் உடைய நாயனாரை, அதாவது சிவனை, எழுந்தருளச் செய்தார் என்கிறது. அப்போது சீனாவை ஆண்டவர் மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான்; செகசை கான் என்பது அவரையே குறிப்பதாகக் கருதுகிறார்கள். கல்வெட்டின் கடைசி வரி சீன எழுத்தில் இருக்கிறது.

கேள்வி: லோயாங் பாலத்தையும் அதே நாளில் பார்க்கலாமா?
– வாசகர், பெங்களூரு

பதில்: அருங்காட்சியகத்தை விட்டால்தான் முடியும், நான் விடச் சொல்ல மாட்டேன். பாலம் ஊருக்கு வெளியே பத்து கிலோமீட்டருக்கும் மேலே. 1053-இல் தொடங்கி 1059-இல் முடித்தார்கள். கல் தூண்களைக் கடலலை பெயர்க்காமலிருக்க, அவற்றின்மேல் சிப்பி வளர்த்து ஓடுகளாலேயே கற்களைப் பிணைத்தார்கள். கடல் வற்றும் நேரத்தில்தான் அடிப்பகுதி தெரியும். ஆகவே அன்றைய வற்று நேரத்தை முதலில் விசாரித்துக்கொண்டு, இன்னொரு நாள் போங்கள்.