நீரூற்று நட்சத்திரங்கள்

கேள்வி: வயதான சில நட்சத்திரங்கள் ஊற்றுபோலத் தண்ணீரைப் பீய்ச்சுவதாகப் படித்தேன். அந்தச் சூட்டில் தண்ணீர் எப்படி இருக்கும்? இங்கிருந்து அது எப்படித் தெரிகிறது? – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: குழாய்த் தண்ணீர் இல்லை சகோதரி, நீராவி. நட்சத்திரம் கிழடாகி ஊதிப்போகும்போது மேற்பரப்பு 3000 டிகிரி அளவுக்கு ஆறிவிடுகிறது, அங்கிருந்து கழன்று போகும் வாயு இன்னும் ஆறுகிறது, அதில்தான் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து நீர் மூலக்கூறாகின்றன.

கண்ணுக்கு இது தெரியாது, சுற்றிலும் தூசி. ஆனால் ரேடியோ அலைக்குத் தூசி ஒரு தடையில்லை. சக்தி ஏறிய நீர் மூலக்கூறுகளின் நடுவே 22.235 கிகாஹெர்ட்ஸ் அலை ஒன்று போனால், ஒவ்வொன்றும் அதே அலையைக் கூட்டிக் கொடுக்கும். தைப்பூசத்தில் ஒரு குரல் ‘வேல் வேல்’ என்றதும் படி நெடுக அதே சொல் பெருகிக்கொண்டே போகுமே, அப்படி. இதற்குப் பெயர் மேசர், லேசருக்கு முன்பே பிறந்த அண்ணன். விண்வெளியில் நீர் மேசரை 1969ல் முதலில் கண்டுபிடித்த குழுவில், மேசரையே உருவாக்கிய சார்ல்ஸ் டவுன்ஸும் இருந்தார்.

சரி, ஊற்றுக்கு வருவோம். வழக்கமாகக் கிழட்டு நட்சத்திரத்தின் காற்று, அதாவது அதிலிருந்து கழன்று போகும் வாயு, எல்லாப் பக்கமும் நொடிக்கு 10, 20 கிலோமீட்டர் வேகத்தில்தான் பரவும். நீங்கள் படித்தவை அப்படியில்லை. டபிள்யூ43ஏ என்ற நட்சத்திரத்தில் இரண்டு எதிரெதிர்த் தாரைகள், நொடிக்குச் சுமார் 150 கிலோமீட்டர். ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு ஒன்றரை நொடிகூட ஆகாது! மேசர் வரும் புள்ளிகளின் அலைவரிசை அந்த 22.235 கிகாஹெர்ட்ஸிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்தே வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். தாரை நேராகவும் போவதில்லை, பம்பரத்தின் தலைபோல மெல்லச் சுற்றி ஆடுகிறது.

எனக்கு மலைப்பாக இருப்பது இதன் வயதுதான். நட்சத்திரத்துக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆயுள், இந்தத் தாரைக்கோ நூறு ஆண்டுகூட இல்லை. அதனால்தான் நம் பால்வீதியிலேயே இப்படிப்பட்டவை பதினைந்து சொச்சம்தான் தெரிந்திருக்கின்றன. உருண்டையாகப் பரவிய காற்று ஏன் இரண்டு பக்கமும் பீய்ச்ச ஆரம்பிக்கிறது? பக்கத்தில் ஒரு துணை நட்சத்திரம் இருந்து, கிழட்டு நட்சத்திரத்தின் மேலுறைக்குள் புகுந்து கலக்கிவிடுகிறது என்பதே இப்போது வலுவான விளக்கம். சிலியில் உள்ள அல்மா தொலைநோக்கியின் பதிவுகளை வைத்து 2021ல் வந்த ஆய்வும் அந்தப் பக்கம்தான் கைகாட்டுகிறது.

டபிள்யூ43ஏ இருக்கும் திசையையாவது பார்க்கலாமே. செப்டம்பரில் மழை இல்லாத இரவு, ஒன்பதரை மணி வாக்கில், செம்பனைத் தோட்டத்துப் பக்கம் விளக்கில்லாத இடத்தில் நின்று நிமிர்ந்தால் திருவோணம் கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும். திருவோணம் இருக்கும் அதே கழுகு மண்டலத்தில், கொஞ்சம் மேற்கே தள்ளி, சுமார் 7000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது டபிள்யூ43ஏ.