ஹைஃபாவுக்கு வேலைக்கு வரும் தங்கச்சிக்கு

அடுத்த மாதம் ஹைஃபாவில் ஒரு யூதப் பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வருகிறாய். எதிர் வீட்டில் அரபுக் குடும்பம் என்று ஏஜென்ட் சொன்னாராம். "அவர்களும் இஸ்ரேல் குடிமக்களா, பாலஸ்தீனர் என்பது வேறு ஆட்களா, பல வருஷம் இருந்தால் நமக்கும் குடியுரிமை கிடைக்குமா அக்கா?" என்று கேட்டிருக்கிறாய்.

ஒன்றை முதலில் மனசில் வை. இங்கே மதம் வேறு, தேசிய இனம் வேறு, குடியுரிமை வேறு. மக்கள் பதிவேட்டில் தேசிய இனம் என்ற இடத்தில் யூதர், அரபு, துரூஸ் (அரபி பேசும் தனி மதத்தவர்) என்றெல்லாம் எழுதுவார்கள். 'இஸ்ரேலியர்' என்று எழுத மாட்டார்கள். தங்களை அப்படித்தான் பதிய வேண்டும் என்று உசி ஓர்னான் என்ற மொழியியல் பேராசிரியரும் இன்னும் சிலரும் வழக்குப் போட்டார்கள். 2013-ல் உச்ச நீதிமன்றம் முடியாது என்றுவிட்டது. நம் ஊரில் தமிழனோ மலையாளியோ பாஸ்போர்ட்டில் இந்தியன் என்று போட்டுக்கொண்டு போய்விடுகிறோம், அதனால் இது நமக்குச் சட்டென்று பிடிபடாது.

எதிர் வீட்டுக்காரர்கள் குடிமக்கள்தான். இஸ்ரேல் உருவான 1948 போரில் ஹைஃபாவின் அரபு மக்களில் பெரும்பாலோர் ஊரை விட்டுப் போக நேர்ந்தது. மிஞ்சியவர்கள் ஊருக்குள்ளேயே வாடி நிஸ்நாஸ் என்ற பகுதியில் ஒதுங்கினார்கள். 1952 சட்டத்தின்படி குடியுரிமை வந்தது, ஆனால் நாட்டின் பெரும்பாலான அரபு ஊர்கள் 1966 வரை ராணுவ நிர்வாகத்தின் கீழ்தான் இருந்தன. இன்று நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவர் அரபு. ஓட்டு உண்டு, நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் உண்டு. பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் டாக்டர், நர்ஸ், மருந்துக்கடைக்காரர் என்று யாராவது ஒருவர் அரபுக்காரராக இருப்பார். 2018-ல் வந்த சட்டம் இது யூதர்களின் தேசிய அரசு என்று சொல்லி, அரபியை ஆட்சிமொழி இடத்திலிருந்து இறக்கியது. அவர்களுக்கு அந்த வருத்தம் நிறைய உண்டு. தங்களைப் பாலஸ்தீனர் என்று சொல்பவரும் இருப்பார், இஸ்ரேல் அரபு என்பவரும் இருப்பார். துரூஸ் ஆண்கள் 1956 முதல் கட்டாய ராணுவ சேவைக்குப் போகிறவர்கள், அவர்கள் பேச்சு வேறு மாதிரி இருக்கும். நீயாகப் பெயர் வைக்காதே, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்.

கிழக்கு ஜெருசலேமில் கதை வேறு. 1967 போரில் இஸ்ரேல் அதைப் பிடித்த பிறகு அங்குள்ள பாலஸ்தீனர்களில் பெரும்பாலோர் நிரந்தரக் குடியிருப்பாளர்கள், குடிமக்கள் இல்லை. நகராட்சிக்கு ஓட்டுப் போடலாம், நாடாளுமன்றத்துக்கு முடியாது. வெளிநாட்டில் நெடுநாள் தங்கினால் அந்த உரிமையும் பறிபோகலாம். மேற்குக் கரையில் உள்ள பாலஸ்தீனருக்கு இஸ்ரேல் குடியுரிமையே இல்லை. அதே மண்ணில் குடியேற்றங்களில் இருக்கும் யூதருக்கு உண்டு.

இதையெல்லாம் நான் புரிந்துகொண்டது என் கல்யாணத்தில்தான். என் கணவர் உக்ரைனில் பிறந்தவர். அப்பா யூதர், அம்மா இல்லை. யூதர் எவரும் இங்கே வந்து குடியுரிமை பெறலாம் என்பது 1950-ல் வந்த திரும்பும் உரிமைச் சட்டம். அதை 1970-ல் திருத்தி, யூதரின் பிள்ளை, பேரப்பிள்ளை, அவர்களுடைய கணவன் மனைவி எல்லோருக்கும் அந்த உரிமையைக் கொடுத்தார்கள். அதனால் அவர் குடிமகன், ராணுவத்திலும் இருந்தார். ஆனால் யூத மதச் சட்டப்படி தாய் யூதராக இருக்க வேண்டும் என்பதால் ரப்பிகளுக்கு, அதாவது யூத மத குருக்களுக்கு, அவர் யூதர் இல்லை. இங்கே கல்யாணம் மத அமைப்புகள் கையில் இருக்கிறது, துருக்கிய உஸ்மானியர் ஆண்ட காலத்து ஏற்பாடு. நான் நாகர்கோவில் கிறிஸ்தவள். அப்புறம் என்ன, பலரையும் போல சைப்ரஸ் போய்க் கையெழுத்துப் போட்டோம். அந்தப் பதிவை இங்கே ஏற்றுக்கொள்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று நம் ஹைஃபாவிலேயே உண்டு. கார்மேல் மலையில் ஸ்டெல்லா மாரிஸ் மடம் இருக்கிறதே, அங்கே டேனியல் என்ற துறவி இருந்தார். போலந்தில் யூதத் தாய்க்குப் பிறந்து, நாஜிகளிடமிருந்து யூதர்களைக் காப்பாற்றியவர். தலைமறைவாக இருந்தபோது கத்தோலிக்கர் ஆனார். யூதன் என்ற முறையில் குடியுரிமை கேட்டார். மதச் சட்டப்படி அவர் யூதரே, ஆனால் திரும்பும் உரிமைச் சட்டத்துக்கு இல்லை என்று 1962-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிற்பாடு சாதாரண விண்ணப்பத்தில்தான் குடிமகன் ஆனார்.

இந்தியாவிலிருந்து வந்த பெனே இஸ்ரேல் யூதர்களையும் ரப்பிகள் கல்யாண விஷயத்தில் சந்தேகப்பட்டார்கள். போராட்டம் நடத்தித்தான் 1964-ல் அது தீர்ந்தது.

எனக்குக் குடியுரிமை கணவர் வழியாக, படிப்படியாக, வருஷக்கணக்கில் காகிதம் கொடுத்து வந்தது. இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்தேன். ஆனால் எதிர் வீட்டுப் பெண் மேற்குக் கரையில் உள்ள நாப்லஸ் ஊர்க்காரர் ஒருவரைக் கட்டினால் அந்தக் கணவருக்கு இந்த வழி கிடையாது. 2003-ல் தற்காலிகம் என்று வந்த சட்டம் அடைத்துவிட்டது. 2021-ல் காலாவதி ஆனதை 2022-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். வயது வரம்பு வைத்துத் தங்க அனுமதி தருவதோடு சரி. பாதுகாப்புக்காக என்கிறது அரசு. கடல் தாண்டி வந்த எனக்குக் கிடைத்தது பக்கத்து ஊர்க்காரருக்கு இல்லை என்பது எனக்கு இன்றைக்கும் நியாயமாகப் படவில்லை.

உன் விஷயத்தில், வேலை விசா குடியுரிமைக்குக் கொண்டுபோகாது. பொதுவாக 63 மாதம். அதே பாட்டியிடம் நீடித்தால் அதற்கு மேலும் நீட்டிக்க வழி உண்டு. வார ஓய்வு நாளை உன் மதப்படி வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றில் ஒன்றாக நீ கேட்கலாம். ஒப்பந்தத்தில் அதை எழுதச் சொல். ஞாயிறு கேள், அன்று கடையும் திறந்திருக்கும், பஸ்ஸும் ஓடும்.